போணி ஆகும்வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் மென் வணங்கி எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஹனோயில் இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. சனிக்கிழமைகளில், நான் வேலை பார்க்கும் முதலாளியின் தோட்டத்துச் சௌசௌவைச் சந்தையில் விற்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. எதிர்க்கடையில் கைத்தறிப் பை விற்கும் லுயென் அக்கா நம் ஊர்ப் பக்கத்துக்காரர். பேச்சு அப்படியே உங்கள் பேச்சு. விடிந்ததும் அவரிடம் போய் ஒவ்வொரு பைக்கும் விலை கேட்டேன். எதையும் வாங்காமல் திரும்பினேன். பின்னால் புகை வாடை அடித்தது. என்னால் வந்த தரித்திரம் விலக, அக்கா காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"போணிக்கு முன்னாடி விலை கேட்டுட்டு வெறுங்கையோட போறியே, நீயும் கடைக்காரிதானே?"

"நீங்க பேசுறதக் கேக்கத்தான் வந்தேன், அக்கா."

அவர் காகிதத்தை மிதித்து அணைத்தார். "அதுக்கு என் வியாபாரந்தான் கெடச்சுதா? போணி ஆனதும் வா. வாய் வலிக்கப் பேசுறேன்."

மிளகாய் அனுப்பும்போது, நீங்கள் தலையில் கட்டும் பழைய துணி ஒன்றையும் வையுங்கள். காலையில் குளிர்கிறது. துவைக்க வேண்டாம்.

இதோடு நிறுத்துகிறேன் அம்மா. எதிரே அக்காவுக்குப் போணி ஆகிவிட்டது.

உங்கள்
மென்