அக்கா அனுப்பிய பாட்டில்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

முழங்கால் வலி எப்படி? மாடி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்!

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இரண்டு மாதமாக வெள்ளைப்படுகிறது. அவரோடு சேர்ந்தால் ரத்தம் தெரிகிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கருப்பை வாய் சிவந்து வீங்கியிருக்கும்மா, அழற்சி" என்றார். கிருமியா என்று அறிய இருவருக்கும் பரிசோதனை. அவர் மறுபேச்சில்லாமல் வந்தார். முடிவு வர பத்து நாளாகும். பயமாக இருக்கிறது.

சிட்டு

மார்ச் 7

சிட்டுக்கண்ணு,

இருபது வருடமாக ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறேன், எனக்குத் தெரியாத கிருமியா? இது ஆம்பளை கொண்டுவரும் சீக்கு. வீடு வீடாகக் குழாய் மாட்டப் போகிறவர், எங்கே என்ன செய்தாரோ! வாயில்லாப் பூச்சியாக இருக்காதே, நேருக்கு நேர் கேட்டுவிடு.

நான் வந்தபோது கொடுத்த கிருமிநாசினியை உள்ளே விட்டு அலசுகிறாய்தானே? இனி இரண்டு வேளை அலசு. இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.

உன் நல்லதுக்கே சொல்லும்
அக்கா

மார்ச் 15

அக்கா,

நீ எழுதிய வார்த்தையிலேயே கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு, ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று முடிவு வந்தது. இருவருக்கும் கிருமி இல்லை. "எதை வச்சும்மா கழுவுறீங்க?" என்றார் டாக்டரம்மா. உன் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது தரை துடைக்கிறதும்மா! உள்ள விட்டா புண்ணாகாம என்ன செய்யும்? கிருமி இல்லாமலும் அழற்சி வரும். நிறுத்துங்க, ஆறிடும்" என்றார்.

அவர் இன்னும் வரவில்லை.

சிட்டு

மார்ச் 19

என் கண்ணே,

பாட்டிலில் எழுதியிருப்பதை இன்றுதான் படித்தேன். படுக்கை விரிப்பை அலசுகிற மாதிரி உன்னை அலசச் சொல்லியிருக்கிறேனே, பாவி! சுத்தமாக இரு என்று பெருமையாக வேறு கொடுத்தேன். உன் உடம்பையும் கெடுத்து, அந்த மனுஷன் மேல் பழியும் போட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். தப்பெல்லாம் என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். எப்படியாவது சேர்த்துவிடு. என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 28

அக்கா,

உடம்பு ஆறிவிட்டது. உன்னைத் திட்ட மனம் வரவில்லை. எழுதியது நீ என்றாலும், கேட்டது நான்தானே.

ஞாயிறன்று அவர் வந்தார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அக்கா மேல கோபமில்ல" என்றார். சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயைச் சரிசெய்தார். பரிசோதனைக் காகிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

"இந்தக் காகிதம் வராமலே இருந்திருந்தா என்னை நம்பியிருப்பியா?" என்றார்.

உடனே சொல்லியிருக்க வேண்டும், அக்கா. நான் யோசித்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டார்.

சிட்டு