மகரந்தம் ஒட்டும் கை

என்னங்க,

மூன்றே நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த இயற்கைத் தோட்டத்துக்கு விருந்தாளியாக வந்தேன். இன்று ஐந்தாம் நாள்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே மிளகும் வெனிலாவும் கொடி ஏறிக் கிடக்கின்றன. வெனிலாப் பூ காலையில் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். இந்தப் பூவுக்கு இங்கே தேனீயெல்லாம் உதவாது. வாடுவதற்குள் நாம்தான் குச்சியால் மகரந்தத்தை எடுத்து ஒட்டிவிட வேண்டும். முதல் நாள் நான்கு பூவைக் கிழித்துவிட்டு, திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். தோட்டத்துக்குச் சொந்தக்கார அம்மா சிரித்தார். "பூதானே? அடுத்ததைப் பிடிங்க."

இன்று அறுபது பூ. ஒன்றுகூடக் கிழியவில்லை.

"கை கொஞ்சம்கூட நடுங்கலையே! எங்க பழகுனீங்க?" என்று கேட்டார். உங்களுக்குக் காப்பி கொண்டுவரும்போதெல்லாம் டம்ளரை நழுவவிடுகிற அதே கைதான் இது என்று நான் சொல்லவில்லை.

காய் முற்ற ஒன்பது மாதம் ஆகுமாம். நான் ஒட்டிய பூவின் காயை நான்தான் பறிப்பேன் என்றேன். "அதுவரைக்கும் விருந்தாளியா இருக்க முடியாதும்மா. வேலைக்கு வேணா இருங்க," என்றார்.

விருந்தாளி அறையைக் காலி செய்துவிட்டேன். வேலையாட்கள் அறையில் எனக்கு ஒற்றைக் கட்டில்தான். போதும் என்று சொல்லிவிட்டேன்.

காப்பித்தூள் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. நீங்களே கலந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வேலையில் இருப்பவள்