வாங்காத மனைக்கு வந்த கதவு

கடையநல்லூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், பெர்சிஸ் காலண்டர் தாளின் பின்னால் கணவன் கிங்ஸ்லிக்கு எழுதினாள்:

"ஏங்க, சாவி பக்கத்து வீட்டு ஜெபமலர் அக்காட்ட இருக்கு. குழம்பைச் சுட வச்சுக்கிடுங்க.

இந்த வீட்டுக் கடனைப் போன மாசந்தான் அடைச்சோம். அதுக்குள்ள கனவு வீட்டுக்குச் சேத்த ரூவால, மனையே வாங்காம, புளியறைக்குப் போயிப் பழைய தேக்குக் கதவு வாங்கியாந்த ஆளு நீங்கதான். பின்வாசக் கதவைத் தாப்பா போட ஒரு கொண்டி கேட்டா மட்டும் 'எல்லாம் புது வீட்ல பாத்துக்கிடலாம்'னு சொல்லுதிய.

இன்னைக்கும் குத்தாலத்துக் குரங்கு உள்ள வந்து தோச மாவைக் கவுத்திட்டுது. எதுத்த வீட்டு ஆளுகளைக் கூப்பிட்டு, உங்க அரமனைக் கதவைத் தூக்கிப் பின்வாசல்ல சாத்தி வச்சிட்டேன்."

எழுதியும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் அடியில் நுணுக்கிச் சேர்த்தாள்:

"கதவு நல்லாத்தான் இருக்கு. பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேச்சு வச்சிருக்கேன். கொண்டி வாங்கிட்டு வந்தப்புறம் அதைத் தொடுங்க."