பதினாறு மணித்தியாலம்

அன்புள்ள அக்கா,

நேற்று வேலை முடிந்து வரும்போது, டுசல்டோர்ஃப் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள ஆசியக் கடைக்குள் கொத்தமல்லி வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் அப்போதுதான் ஒரு பெட்டியை உடைத்து ரம்பை இலைக் கட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, என் ட்ராம் இரண்டு தரம் வந்து போகும்வரை தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தேன். கோலாலம்பூரில் அன்று காலை நான் வாங்கிச் சாப்பிட்ட தேங்காய்ப்பால் சோற்றின் வாசனை அது.

அந்த நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கவேண்டியது.

அகதிகள் விடுதியில் முன்பின் தெரியாத நம் இருவருக்கும் ஒரே அறை. எனக்கு இருபத்திமூன்று, உங்களுக்கு முப்பது. என் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட மாரிகாலம் அது. கடிதம் வந்த நாளிலிருந்து நான் யாரோடும் பேசுவதில்லை, கட்டிலை விட்டு எழும்புவதுமில்லை. நீங்கள் விடியற்காலையில் ஒரு பேக்கரியைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து எனக்கும் சேர்த்துச் சமைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ட்ராம் மாதச் சீட்டில் இன்னொருவரையும் கூட்டிப் போகலாம் என்று எங்கேயோ கேட்டறிந்து வந்து என் போர்வையை இழுத்தீர்கள். "எழும்பு. ட்ராமில கடைசி ஸ்டாப் மட்டும் போயிட்டு வருவம்," என்றீர்கள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதற் பேச்சு அது. "ஒண்டுமில்லை. சும்மா பாப்பம்," என்றீர்கள்.

அப்படியே ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு தடத்தின் கடைசிக்கும் போனோம். ஒரு தடத்தின் முடிவில் உருளைக்கிழங்கு வயல், இன்னொன்றின் முடிவில் மயானம். மயான வாசலில் நின்றுகொண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கடைப் பலகைகளை நீங்கள் உரக்கப் பிழையாக வாசிப்பீர்கள், நான் சிரிப்பேன். எனக்கு வதிவிட அனுமதி கிடைத்ததும், கல்யாணம் நடந்ததும், பிள்ளைகள் இருவர் பிறந்ததும் அதற்குப் பிறகுதான். எல்லாவற்றிலும் நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். உங்களுக்கென்று குடும்பம் அமையவில்லை. உங்கள் தம்பியின் மனைவி தவறியபின், அவருக்கும் மகளுக்கும் துணையாக மலேசியாவுக்கு, கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள கிள்ளானுக்குப் போய்விட்டீர்கள். பிறகு பன்னிரண்டு வருடங்கள் நமக்குள் தொலைபேசி மட்டும்தான்.

மெல்பேணில் என் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு நான் தனியாகப் போகவேண்டி வந்தது. இவருக்கு முழங்கால் வலி, பிள்ளைகளுக்கு லீவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதற் தடவையாகத் தனிப் பயணம். திரும்பும்போது கோலாலம்பூரில் காலை ஆறு மணிக்கு இறங்கினால், அடுத்த விமானம் இரவு பத்து மணிக்கு. பதினாறு மணித்தியாலம். எந்த நாள், எந்த விமானம் என்று உங்களிடம் சொன்னேன். உங்கள் குரல் உடனே எழும்பியது. "எவ்வளவு நேரம் நிப்பாய்?" என்று கேட்டீர்கள்.

"ரெண்டு மணித்தியாலம்தான் அக்கா. வெளியில வர ஏலாது," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் சொல்லிவிட்டது, ஆனால் அதைத் திருத்த எனக்கு மூன்று கிழமை இருந்தது. திருத்தவில்லை. உங்களுக்குக் கால் வீங்குகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று தெரியும். நான் வேலை செய்வது முதியோர் இல்லச் சமையலறையில். வீங்கிய கால்களுக்கு நடுவில்தான் என் பகல் போகிறது. வீட்டுக்கு வந்தால் இவருடைய முழங்கால். கிள்ளானுக்கு வந்தால் அழுகையும் விருந்தும் மருந்துப் பெட்டியும் பழைய கதையுமாக அந்தப் பதினாறு மணித்தியாலமும் போய்விடும் என்று நினைத்தேன். யாருக்கும் நான் யார் என்று தெரியாத ஓர் ஊரில் ஒரே ஒரு பகல் நடக்க ஆசைப்பட்டேன்.

நடந்தேன். விமான நிலைய ரயிலில் சென்ட்ரல் நிலையத்துக்கு வந்தபோது கிள்ளான் போகும் ரயிலின் பெயர்ப்பலகை எதிரிலேயே இருந்தது. ஒரு மணித்தியாலப் பயணம். நான் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கம் திரும்பினேன். வெளியே வந்தால் பக்கத்துத் தெருக்களெல்லாம் தமிழ்க் கடைகள், தமிழ்ப் பாட்டு. தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று அங்கேயும் நிற்கவில்லை. இரண்டு ஆறுகள் சேரும் இடத்திலுள்ள பழைய பள்ளிவாசலைப் பாலத்தில் நின்று பார்த்தேன். ஒழுங்கை வாசலில் ஒரு மலாய்ப் பெண்ணிடம் வாழையிலைப் பொட்டலம் வாங்கினேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்தலி, பாதி முட்டை. நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்து கையால் சாப்பிட்டேன். சந்தையில் ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே பூங்காவில் சப்பாத்தைக் கழற்றி, குழந்தைகள் விளையாடும் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுப் பிள்ளை, படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படத்தை மகளுக்கு அனுப்பினேன். அவள் சந்தோஷத்தில் அதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள், "அம்மா கோலாலம்பூரில் தனியாக ஊர் சுற்றுகிறா" என்று எழுதி. உங்கள் இலக்கமும் அவளிடம் இருப்பது எனக்கு நினைவில்லை.

ஒன்றரை மணிக்கு உங்கள் செய்தி வந்தது. "வடிவா இருக்கிறாய். தண்ணி நிறையக் குடி. இங்கத்தை வெயில் பொல்லாது."

அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று ஒரு சொல் இல்லை. அக்கா, அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் வந்து, மூன்று மணித்தியாலம் உங்களோடு இருந்து, பதறாமல் திரும்பியிருக்கலாம். எழும்பிச் சப்பாத்தும் போட்டேன். ஆனால் உங்கள் வாசலில் நின்று முதலில் என்ன சொல்வது? பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டும். அதற்கு முகமில்லாமல் தொலைபேசியை நிறுத்திப் பைக்குள் போட்டேன். பொய் சொன்னதைவிட அதுதான் பெரிய பிழை. மிச்ச நேரத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை. விமானத்துக்கு ஐந்து மணித்தியாலம் முன்பே விமான நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

டுசல்டோர்ஃபுக்குத் திரும்பியபின் உங்களை அழைக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு கிழமை போனது. பிறகு உங்கள் தம்பி மகள் அழைத்தாள், நித்திரையிலேயே நீங்கள் போய்விட்டதைச் சொல்ல. அவள் அழுதுகொண்டே, "அன்னிக்கு உங்க ஃபிளைட் லேட்டாயிடுச்சாமே ஆன்டி, அத்தை சொன்னாங்க," என்றாள். "ஓம் பிள்ளை," என்றேன். செத்த வீட்டிலிருந்து வந்த அழைப்பிலும் பொய் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அன்று நானாக அவளை அழைத்தேன். விமானம் பிந்தவில்லை என்றேன். எனக்குப் பதினாறு மணித்தியாலம் இருந்தது, வரவேண்டாமென்று நினைத்துத்தான் வராமல் இருந்தேன் என்றேன்.

"தெரியும் ஆன்டி," என்றாள். "அத்தைக்கும் முதல்லயே தெரியும். நீங்க ஃபிளைட்டைச் சொன்ன அன்னிக்கே என்னை டைம் பார்க்கச் சொன்னாங்க. நான்தான் பார்த்துச் சொன்னேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதேன்னாங்க."

படத்தைக் கண்டு உங்கள் தம்பி கோபப்பட்டாராம். விமானம் பிந்தியிருக்கும், எனக்குச் சொல்ல வசதிப்பட்டிருக்காது என்று நீங்கள்தான் அவரை அடக்கினீர்களாம். உங்களுக்குக் கோபமில்லையா என்று அவள் தனியாகக் கேட்டிருக்கிறாள். நீங்கள் சொன்னதை உங்கள் பேச்சிலேயே சொல்லிக் காட்டினாள்: "அவள் ஒருநாளாவது தன்ர பாட்டில திரியட்டும்."

நான் அழுதேன். அவள் என்னை அழவிட்டாள். பிறகு, சொல்லலாமா என்று தயங்குகிறவளாக, "ஆனா அன்னிக்கு மத்தியானத்துல இருந்து நல்ல சேலை கட்டிக்கிட்டு கேட்டைப் பார்த்துதான் உட்கார்ந்திருந்தாங்க ஆன்டி. இருட்டினதும்தான் உள்ளே வந்தாங்க," என்றாள்.

என்னைத் திரியவிட்டதும் நீங்கள்தான், காத்திருந்ததும் நீங்கள்தான். இரண்டையும் நான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னதை நினைக்கும்போது அழுகை வருகிறது, அழுதபின் கொஞ்சம் ஆறுகிறது. நீங்கள் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போது அழுகைகூட வருவதில்லை, அக்கா.