படம் கலங்கிய காரணம்

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே கோடு தெரியும். நலம் விசாரிக்கவும் போவதில்லை. போனை எடுக்காதவன் நலமாகத்தான் இருப்பான்.

அப்பாவுக்கு மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. இரண்டு மாதமாக மறைத்திருக்கிறார். பேருந்தை நடுவழியில் ஓரங்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நடத்துனர் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் அம்மா மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இதய மருத்துவர் இரண்டு ஸ்கேன் எழுதினார். நூலகத்தில் படித்துவிட்டுப் போனதால் எனக்குப் புரிந்தது. முதல் படம் இதயக் குழாய்களில் படிந்திருக்கும் சுண்ணாம்பை அளக்கும். அப்பாவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. வரும் வருடங்களில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று அந்த எண்ணை வைத்துக் கணிப்பார்களாம். அப்பாவுடையது அதிகம். ஆனால் அடைப்பு எந்தக் குழாயில், எவ்வளவு என்பதை இரண்டாவது படம்தான் காட்டும். அதைப் பார்த்துத்தான் மாத்திரை போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். இதயம் மெதுவாகத் துடித்தால்தான் அந்தப் படம் தெளிவாக விழும்.

துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்பாவின் விரலில் மாட்டிய கிளிப் காட்டும் துடிப்பு எண்ணை நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். எண்பத்தாறு, எழுபத்துநான்கு, அறுபத்தொன்று. "ஐயா தூங்கிடாதீங்க, உங்களைத் தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பில்ல" என்று ஸ்கேன் எடுப்பவர் கிண்டல் செய்தார். படிவத்தை நிரப்பிக்கொண்டே, பேச்சுவாக்கில், பிள்ளைங்க எத்தனை என்று கேட்டார்.

"ஒண்ணு. இவ மட்டும்தான்" என்றார் அப்பா.

எண் எண்பத்தொன்பதுக்கு ஏறியது. உன் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

"சும்மா கேட்டேன், என்னங்கய்யா இப்படி எகிறுது?" என்றார் அவர். அப்பா சுவரைப் பார்த்தார். அரை மணி நேரம் காத்திருந்தும் இறங்கவில்லை. பின்னால் ஆட்கள் இருந்ததால் அப்படியே எடுத்தார்கள். படம் கலங்கிவிட்டது. முக்கியமான இடத்தில் ஒரே குழாய் இரண்டாகத் தெரிகிறது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அப்பாவுக்கு மருந்து வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா மருத்துவரிடம் மழுப்பினாள். "நீங்க செத்தாலும் வர மாட்டேன்" என்று நீ கதவை அறைந்து சாத்திய அன்று நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் அப்பா 'ஒண்ணு' என்றுதான் சொல்கிறார். எல்லோரும் நம்பினார்கள். கிளிப் நம்பவில்லை.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மீண்டும் எடுக்கிறார்கள். அதே ஆள், அதே படிவம். வர மாட்டாய் என்றால் அதை ஒரே வரியில் எழுதி அனுப்பு. அப்பாவிடம் நானே படித்துக் காட்டுகிறேன். அடுத்த தடவை 'ஒண்ணு' என்று சொல்லும்போதாவது நெஞ்சு பதறாமல் இருக்கட்டும். இப்படி இழுபறியில் மட்டும் விட்டுவைக்காதே.

அப்பாவுக்கு இந்த வயதிலேயே வந்திருப்பதால் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். மருத்துவர் சொன்னதைச் சொல்கிறேன். அக்கறை என்று நினைத்துக்கொள்ளாதே. சிகரெட்டை விடு.

மாத்திரை கொடுத்து உட்கார வைக்கும் அறையில் நோயாளியோடு ஒருவருக்குத்தான் அனுமதி. நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை