கையெழுத்திட்ட ஓட்டு

ஜனவரி 1980. தேர்தல் நாள், இரவு.

வீட்டு வேலைக்கு வரும் முனியம்மாவையும் அழைத்துக்கொண்டு கிட்வாய் நகர் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். ஒரே இடத்தில் முத்திரை குத்து, வேறெங்கும் மை படக்கூடாது என்று வழியெல்லாம் அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

மறைப்புக்குள் நின்று முத்திரை குத்தினேன். பிறகு பையிலிருந்த பேனாவை எடுத்து ஓட்டுச்சீட்டின் கீழே கையெழுத்திட்டேன். கான்வென்டில் பெயரில்லாத தாளை மதர் கிழித்துப் போடுவார். அறுபது வருஷப் பழக்கம். மடித்துப் பெட்டியில் போடும்வரை தவறென்றே தோன்றவில்லை.

திரும்பும்போது முனியம்மா சொன்னாள்: "வரிசையில ஒரு ஆபீஸ் பாபு சொன்னாரும்மா, சீட்டுல பேரு கீரு எழுதினா ஓட்டு செல்லாதாம். எனக்கென்ன பயம், எழுதத் தெரிஞ்சாத்தானே?" சிரித்தாள். "நீங்க சரியாத்தான் போட்டிருப்பீங்க."

"பேசாம நட. குளிருது" என்றேன்.

எண்ணும்போது யாரோ ஒரு குமாஸ்தா என் பெயரைப் படித்துவிட்டுச் சீட்டைத் தள்ளி வைப்பான். அவளுடையது எண்ணிக்கையில் சேரும். நாளைக் காலை அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவளாகக் கேட்டால் சொல்லலாம்.

தினமும் டைரிப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடுவேன். இன்று வேண்டாம்.