வலது காலின் இரண்டாம் விரல்

அண்ணா,

நேற்று பக்கத்து வூட்டில் புதுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். அந்த வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும், உலையில் அரிசி போடப்போன என் கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் பட்டறை வாசம் அல்லவா அது! நீங்கள் போன பிறகு பொம்மிடி எவ்வளவோ மாறிப்போச்சு. அந்த வாசம் மட்டும் மாறவில்லை. இன்றைக்காவது எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது, நீங்கள் மரத்தில் கோயில் சிலை செதுக்கும் ஓட்டுக் கொட்டகை. மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று பாதி செதுக்கிய முகங்களோடு வரிசையாக நிற்பார்கள். ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர்தான் அந்தச் சுரூபங்களுக்கு வைக்கோல் சுற்றி, சாக்கில் கட்டி, வெளியூர்க் கோயில்களுக்கு ரயிலேற்றுவார். "ஏங்க, மாதாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்று உங்களைச் சீண்டுவார். "மெதுவா தூக்குடா, மூக்கு ஒடஞ்சா உன் மூக்கத்தான் அறுத்து ஒட்டுவேன்" என்பீர்கள். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரியாது.

காமாலை வந்து ஒரு மாசத்தில் அவர் போய்விட்டார். குளிப்பாட்டியது நீங்கள்தான். வாலிபத்தில் மூட்டை விழுந்து நசுங்கியதால் அவருடைய வலது காலின் இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறி நிற்கும்; எந்தச் செருப்பும் சேராது. அந்தக் காலை நீங்கள் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். நேரமாச்சு என்று யாரோ சத்தம் போட்ட பிறகுதான் விட்டீர்கள்.

அந்த வருசம்தான் நம் கோயிலுக்கு இறந்த ஆண்டவர் சுரூபம் செய்யச் சொன்னார்கள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்த வேண்டும் என்பதால் தோளில் தோல் வைத்து, கை மடங்குகிற மாதிரி குமிழ் மரத்தில் செய்தீர்கள். ஊரே மூக்கில் விரல் வைத்தது. பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்ய வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் என் மாமியார். அத்தைக்கு அப்போதே ரெண்டு கண்ணிலும் புரை. பகல் வெளிச்சம்கூட மங்கல்தான். குனிந்தவர் எழவே இல்லை. பாதத்தைத் தடவித் தடவி முத்தம் கொடுத்தார். பின்னால் முணுமுணுத்தார்கள். பக்தி என்று நினைத்து நான்தான் அவரைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் நான் குனிந்தேன். ஆணி அடித்த பாதத்தில், பெருவிரல் மேல் ஏறி நின்றது இரண்டாம் விரல்.

ஐயோ அண்ணா! முத்தி செய்யாமல் வெளியே ஓடிவந்தேன். ஈஸ்டர் முடிந்த மறுநாளே உங்கள் கொட்டகையில் வந்து நின்று கத்தினேன். "எம் புருசன் காலு உங்களுக்கு மாதிரி பாக்கறதுக்கா? வர்றவன் போறவனெல்லாம் வாய வைக்கிறான்! எடுங்க அத, இன்னிக்கே எடுங்க!"

நீங்கள் உளியைக் கீழே வைத்தீர்கள். "இல்லம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தீர்கள். ஆரம்பித்ததை விழுங்கிவிட்டு, "நெசமாவே எடுத்துடட்டுமா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு" என்றீர்கள்.

"ரோசனையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எடுங்க."

மத்தியானமே கோயிலுக்குப் போனோம். நீங்கள் ஏமாற்றிவிடுவீர்கள் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன் பாருங்கள், அப்பேர்ப்பட்ட ராங்கிக்காரி நான். உளியால் ரெண்டு சீவல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலை நேராக்கி, வண்ணம் பூசினீர்கள். கையெல்லாம் நடுங்கியது உங்களுக்கு. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பெரிய வெள்ளியில் அத்தை மறுபடி குனிந்தார். கை பாதத்தில் போனது, வந்தது, மறுபடி போனது. "இது அவன் காலு இல்லையே" என்றார், அத்தனை பேர் நடுவில். வூட்டுக்கு வந்ததும்தான் எல்லாம் வெளியே வந்தது. கண் தெரியாத தாய்க்கு மகன் முகம் செதுக்கி என்ன பிரயோசனம்? காலை மட்டும் வைத்துக்கொடு, வருசத்துக்கு ஒரு நாள் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களிடம் கேட்டதே அத்தைதான். "அவகிட்ட சொல்லாத, அவ தாங்கமாட்டா" என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார்.

மறுநாள் உங்களுக்கு ஆள் அனுப்பினார். வந்தீர்கள்.

"ஏன்டா மாத்துன? யாரு மாத்தச் சொன்னா?"

நான் காப்பி டம்ளரோடு நின்றேன். நீங்கள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். "யாரும் சொல்லல ஆத்தா. வேல சுத்தமா இல்லன்னு நானாத்தான் சரி பண்ணேன். எந் தப்புதான்."

"எம் மவன ரெண்டாந்தரம் சாவடிச்சுட்டியேடா!" என்று அத்தை மண்ணை வாரித் தூற்றினார். நீங்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனீர்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் சொல்லிக்கலாம், கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். ஊர்ச் சனமெல்லாம் அடக்கத்துக்கு வந்தது. அத்தை வாசலைத் தாண்டவில்லை. "அந்தப் பாவி மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்று, கண் தெரியாத கிழவி, கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறு வருசம் உயிரோடு இருந்தார். அவருக்கு ஆக்கிப்போட்டேன், குளிக்க ஊற்றினேன், தலை வாரிவிட்டேன். இதை மட்டும் சொல்லவில்லை. உங்களை மன்னிக்காமலேதான் கண்ணை மூடினார்.

பெரிய வெள்ளிக்கு இன்னும் போகிறேன். அந்த விரலில் உதடு படும்போது அவர் நினைப்பு வருவதில்லை அண்ணா, உங்கள் நடுங்கும் கைதான் வருகிறது.

கல்லறைத் திருநாளன்று அத்தை கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவேன். "அத்தே, எடுக்கச் சொன்னது நான்தான்" என்பது தொண்டை வரைக்கும் வரும். சுற்றிலும் ஒருவரும் இல்லாதபோதுகூட வாயைத் தாண்டாது. செத்துப்போனவரிடம் சொல்லக்கூட எனக்குப் பயம். திரும்பி வருகிற வழியில்தான் உங்கள் கல்லறை. தலையைக் குனிந்துகொண்டு தாண்டி வந்துவிடுகிறேன்.